தலைவலிக்கு ஒரு ஜெபம்

…ஆண்டவர் மன்னித்துவிட்டார், அதில் சந்தேகமே இல்லை, செவ்வாய்க்கிழமையே மன்னித்திருப்பார், ஆனாலும் புதன்கிழமையும் கேட்டான், வியாழக்கிழமை கடை ஷட்டரைத் தூக்கும்போதும் கேட்டான், பூட்டின கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், சந்தேகம் வந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவனைப் போல… இப்போது ஞாயிறு ஆராதனையில், அப்பமும் ரசமும் தரும் திருவிருந்துக்கு முன்னால் இன்னொரு முறை "ஆண்டவரே, அந்த விஷயம்தான்" என்று ஆரம்பித்ததும் மனைவி முழங்கையால் இடித்தாள். "என்ன பாவமோ எனக்குத் தெரியாது, ஒண்ணையே எத்தனை தடவைங்க சொல்லுவீங்க? அவருக்குக் காது நல்லாக் கேக்கும்." கேட்கும்தான், டீச்சருக்கும் காது நன்றாகக் கேட்கும், கண்தான்… அவனுக்கு நேர் முன்வரிசையில் பாட்டு டீச்சர் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்ன பக்தி என்று சபையே மெச்சும் சாய்வு, அது பக்தியில்லை, அவன் கடையில் செய்த மூக்குக்கண்ணாடியில் வலது கண் லென்ஸ் இடது கண்ணில் இருக்கிறது, இந்தக் கட்டடத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒருவர் பரலோகத்தில் இருக்கிறார், இன்னொருவன் கோடு போட்ட சட்டையில் இங்கே உட்கார்ந்திருக்கிறான்.

வேறு ஃபிரேமாக இருந்திருந்தால் மாற்றிப் போட்ட லென்ஸ் உட்காரவே உட்காராது, டீச்சர் கேட்டது வட்ட ஃபிரேம், எந்தப் பக்கம் போட்டாலும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும், எது வலது, எது இடது என்று பேனாவால் போட்ட அடையாளத்தை அவனே துடைத்தான், அடுத்த வாரம் ஆராதனையை யார் நடத்துவது என்று போனில் சண்டை போட்டுக்கொண்டே துடைத்தான், ஊழியத்தில் அவ்வளவு வைராக்கியம்! சரி, அது தவறு, தவறு யாருக்கும் வரும், மறுநாள் டீச்சர் திரும்பி வந்து "தரை சரிவாத் தெரியுது தம்பி" என்றபோது மெஷினில் வைத்துப் பார்த்தானே, பார்த்ததும் தெரிந்ததே, கழற்றி மாற்ற எவ்வளவு நேரமாகும்? ஆனால் கடையில் ஆட்கள், டீச்சரோ எல்லோரிடமும் "நம்ம சபைப் பிள்ளை, கை சுத்தம்" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார், அவன் வாய் தானாகவே, "புதுக் கண்ணாடின்னா அப்படித்தான் டீச்சர், போகப் போகப் பழகிடும்." அந்த வாய்க்கு அதோடு அடங்கத் தெரிந்ததா? வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் டீச்சர் தலைவலிக்கு ஜெபம் கேட்டார், எல்லோரும் அவனைக் காட்டினார்கள், அவனும் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தத் தலைவலியின் வேரைப் பிடுங்கிப் போடும் ஆண்டவரே" என்று கண்ணீரோடு மன்றாடினான், வேர் அவர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தது, பிடுங்கவில்லை, எவ்வளவு பொறுமை!

"விசுவாசி விழுந்துட்டான்னா அப்பா அவனை வீட்டை விட்டுத் துரத்துறதில்ல," போதகர் சொல்லிக்கொண்டிருந்தார், "அறிக்கை பண்ணினா மன்னிச்சாச்சு, அதோட முடிஞ்சது." முடிந்ததா? மேலே முடிந்தது, முன்வரிசையில் முடியவில்லையே, டீச்சர் நெற்றிப்பொட்டை விரலால் அமுக்கிக்கொள்கிறாரே… ஆண்டவரிடம் சொல்வது சுலபம், அவர் முகம் தெரிவதில்லை, கடைக்கும் வருவதில்லை. திருவிருந்துக் கிண்ணங்கள் வைத்த தட்டு நாலைந்து வரிசை தள்ளி வந்துகொண்டிருந்தது, எப்படியோ முன்னால் சாய்ந்துவிட்டான்.

"டீச்சர்."

"என்னப்பா? ஜெபத்துல ஏதாவது விட்டுப்போச்சா?"

"அந்தத் தலைவலி… நான்தான். லென்ஸை மாத்திப் போட்டுட்டேன். அன்னைக்கு நீங்க வந்து சொன்னப்பவே எனக்குத் தெரியும்."

மனைவியின் முழங்கை அசையாமல் நின்றது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார், கண்ணைக் கசக்கிக்கொண்டு அவனைப் பார்த்தார், அந்த முகத்தில் கோபம் எங்கேயாவது இருக்கிறதா என்று அவன் தேடினான், இருக்க வேண்டுமே, கொஞ்சமாவது… "சரி விடுப்பா" என்று சொல்லிவிடப் போகிறார், செவ்வாய்க்கிழமை மேலே இருப்பவர் சொன்னதைப் போலவே, அபராதமில்லாமல், உடனே… அந்த மன்னிப்பை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? ஐயோ, நாலு பேர் முன்னால் திட்டட்டும், கண்ணாடியைத் தூக்கித் தன் மேலே எறியட்டும் என்று அவசரமாக வேண்டிக்கொண்டான், வேண்டும்போதே நாக்கு நின்றது… இத்தனை நாளும் அவன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது மன்னிப்பைத்தானா, இல்லை நாலு அறையையா?