ஏழாவது விலா

படத்தில் பெயர் இல்லை. வயது இல்லை. மேல் மூலையில் 417 என்ற எண் மட்டும். ஆராய்ச்சிக்கு வரும் நுரையீரல் ஸ்கேன் படங்களிலிருந்து ஆளின் அடையாளத்தை எல்லாம் உருவிவிட்டுத்தான் அவளிடம் அனுப்புவார்கள். இரண்டு வருடமாக இதே வேலை. புற்றுக்கட்டியைச் சுற்றிக் கம்ப்யூட்டர் ஒரு மஞ்சள் கோடு போட்டு வைத்திருக்கும். ரத்தக்குழாயைக் கட்டி என்று நினைத்து வளைத்திருக்கும். கட்டியில் ஒரு துண்டைக் கோட்டுக்கு வெளியே விட்டிருக்கும். மவுஸைப் பிடித்து அவள் அதைத் திருத்த வேண்டும். ரொட்டியைத் துண்டு போட்டதுபோல ஓர் ஆளுக்கு நாற்பது ஐம்பது படங்கள். கோட்டுக்குள் இருப்பதன் அளவையும் வடிவையும் கணக்கிட்டு, இந்த ஆள் இன்னும் எத்தனை மாதம் இருப்பார் என்று கம்ப்யூட்டர் ஓரத்தில் ஓர் எண்ணைக் காட்டும். கோடு நகர நகர எண்ணும் மாறும். அவள் கையெழுத்துப் போட்டதும் இரண்டும் பூட்டிக்கொள்ளும். அவள் கை அவ்வளவு சுத்தம் என்பதால் அந்தப் பிரிவில் அவளுக்குப் பெயரே கோட்டக்கா.

திங்கட்கிழமை 417ஐத் திறந்தவள் பன்னிரண்டாவது படத்தில் நின்றுவிட்டாள். இடது பக்கம் ஏழாவது விலா எலும்பு எப்போதோ முறிந்து, கோணலாகச் சேர்ந்து, சேர்ந்த இடம் முடிச்சுப்போலப் புடைத்திருந்தது. அந்த முடிச்சு அவள் போட்டது. பதினோரு வயதில், மதில்மேல் உட்கார்ந்து சண்டை பிடித்தபோது அவள்தான் தம்பியைத் தள்ளிவிட்டாள். கீழே செங்கல் குவியல். "அக்கா தள்ளல, நானாத்தான் வழுக்கிட்டேன்" என்று மூச்சுவிட முடியாமல் அப்பாவிடம் பொய் சொன்னான். அவனை மூன்று நாள் முன்புதான் இதே ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குப் படுக்க வைத்திருந்தார்கள்.

சொந்தக்காரர் படம் என்று தெரிந்தால் உடனே கைமாற்றிவிட வேண்டும் என்பது விதி. அவள் வாயைத் திறக்கவில்லை. வழக்கம்போல ஒழுங்காகவே கோடு போட்டாள். எண் எட்டு என்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தூக்கத்தில் போர்வையை இழுத்துவிடுவதுபோல, கோட்டை அங்கங்கே உள்ளே தள்ளினாள். பத்து. பதினான்கு. பத்தொன்பது. கையெழுத்துப் போட்டாள். கோட்டை மாற்றினால் கட்டி சுருங்கிவிடாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? எட்டுக்குக் கீழே தன் கையெழுத்து இருக்கக் கூடாது என்று மட்டும் இருந்தது. ஆராய்ச்சிக்குப் போகிற எண், சிகிச்சையைத் தொடாது என்றுதான் அதுவரை சொல்லியிருந்தார்கள்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள். வெல்டிங் பட்டறைக்குப் போவதை அவன் நிறுத்தி ஒரு மாதமாகிறது.

"என்னக்கா, உன் ஜோசியப் பெட்டி என்ன சொல்லுது?"

"பத்தொம்பது மாசம்."

"அடேங்கப்பா! பட்டறையில இருக்கற மெஷினுக்கே ஆறு மாசம்தான் கேரண்டி குடுத்தான்." சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மூச்சு திரும்பியதும் மனைவியைப் பார்த்துச் சொன்னான்: "கேட்டியா? புள்ள பத்தாவது எழுதுறவரைக்கும் நான் இருப்பேன்."

தண்ணீரோடு நின்றிருந்த தம்பி மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பல வாரமாக அழாமல் இருந்தவள்.

வியாழக்கிழமை காலைக் கூட்டத்தில் பெரிய டாக்டர் ஒரு செய்தி சொன்னார். புது மருந்து வந்திருக்கிறது, ஒன்பது பேருக்கு மட்டும். பன்னிரண்டு மாதத்துக்குக் கீழே எண் வந்தவர்களைத்தான் சேர்ப்பார்கள். பட்டியல் அன்றே மூன்று மணிக்குப் போகிறது. "அதுக்கு மேல உள்ளவங்களுக்குப் பழைய மருந்தே போதும்."

இடத்துக்கு வந்து 417ஐத் தட்டினாள். பூட்டு. மறுபடி தட்டினாள். பெரிய டாக்டரால்தான் அதைத் திறக்க முடியும். மதியம் முழுக்க வேறு யாருடைய நுரையீரலிலோ கோடு போட்டுப் போட்டு அழித்தாள். சொன்னால் வேலை போகும், போகட்டும். தம்பி வீட்டுக்குப் போய்ப் பத்தொன்பதை எப்படித் திருப்பி வாங்குவது என்பதுதான் விளங்கவில்லை. இரண்டரைக்கு எழுந்து போய்க் கதவைத் தட்டினாள்.

"417 என் தம்பி சார்."

டாக்டர் நிமிர்ந்தார். "பேரே இருக்காதே. எப்படித் தெரியும்?"

"விலா எலும்பு. நான் ஒடச்சது."

"சரி. வேற ஒருத்தர பாக்கச் சொல்றேன்."

"அது மட்டும் இல்ல சார். கோட்ட உள்ள தள்ளிட்டேன். எட்டு வந்துச்சு, பத்தொம்பது ஆக்கிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மத்த நானூத்திப் பதினாறு?"

"அதெல்லாம் ஒழுங்கா போட்டது சார்."

"அத நான் எப்படிம்மா நம்புறது?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு பூட்டைத் திறந்தார். "இத நானே போடறேன். நீங்க தொடக் கூடாது. மத்தத நாளைக்குப் பேசுவோம்."

பழக்கமில்லாத கை. கோடு தயங்கித் தயங்கி வெளியே வந்தது. பதினெட்டு, பதினாறு, பதின்மூன்று. குறையட்டும், இன்னும் குறையட்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பதை உணர்ந்ததும் அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

மற்ற படங்களை எல்லாம் முடித்து, கடைசியாகப் பன்னிரண்டாவது படத்தில் டாக்டரின் கை நின்றது. கட்டியிலிருந்து நூல் நூலாக ஏதோ கிளம்பி ஏழாவது விலாவின் முடிச்சுவரை போயிருந்தது.

"இது கட்டியா, பழைய அடியில வந்த தழும்பா?"

அவள் குனிந்து பார்த்தாள். திங்கட்கிழமை யோசிக்காமல் அதைக் கட்டிக்குள் சேர்த்திருந்தாள். தழும்பாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. கட்டி என்றால் எட்டு, மருந்து உண்டு. தழும்பு என்றால் பதின்மூன்று, மருந்து இல்லை.

"இந்த மாதிரி எடத்துல உங்க கண்ணுதான் இங்க எல்லாரையும் விட மேல். வேற வழியில்லாமதான் கேக்கறேன். தம்பின்னு நினைக்காம சொல்லுங்க."

உற்றுப் பார்க்கப் பார்க்க அந்த நூல்கள் ஒரு சமயம் கட்டியாகவும் ஒரு சமயம் தழும்பாகவும் தெரிந்தன. பையில் போன் அதிர்ந்தது. இந்த நேரத்துக்கு மருந்து சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுகிறவன் தம்பிதான். அது அதிர்ந்து ஓய்ந்து மறுபடி அதிர்ந்தது. அதை எடுக்காமல் அவள் திரையை நோக்கி விரலை நீட்டினாள். திரையில் மஞ்சள் கோடு விலாவுக்கு ஒரு நகக்கண் தூரத்தில், மூடாமல், வாய் பிளந்து நின்றது.