எடைக்கருவி தேடிய வீடு

1

2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. தென்மேற்குக் காற்று. காலை முதல் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கப்பல் வரவில்லை.

நாளையும் வானிலையையும் குறித்த பின்னரே எழுதத் தொடங்க வேண்டும் என்று இதை எழுதுபவள் தன் பாடநூலில் கற்றிருக்கிறாள். இந்திவழிப் பள்ளியில் படித்த அவள், நாற்பது வயதைக் கடந்தபின் பாடநூல்களைக் கப்பலில் வரவழைத்துத் தமிழ் எழுத்துகளைப் பயின்றாள். ஆதலின் ஒற்று எதுவும் பிழைபடாது. கதை பிழைபடக்கூடும்.

இக்கதையை அவளுக்குக் கொடுத்தவர் ரியாஸ். போர்ட் பிளேயரிலிருந்து கப்பலில் வர வேண்டிய தீவூரான இந்த ஹட் பேயில் வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் கடை அவருடையது. இன்று மாலை அவளுடைய வீட்டு வாசலில் மழைக்கு ஒதுங்கியவர், "அக்கா, ஒரு வெயிட் மெஷின் என்னைய அழ வெச்சிருச்சு" என்றார்.

2

முதல் தொடக்கம்: "உதயசூரியன் ஒரு பிடிவாதக்காரர்." (கைவிடப்பட்டது. முதல் வரியிலேயே அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டால் பின்னர் அவருக்காக யார் வருந்துவர்?)

இரண்டாம் தொடக்கம்: "நாற்புறமும் அலைகள் ஆர்ப்பரிக்கும் எழில்மிகு தீவில் —" (கைவிடப்பட்டது. தீவில் வசிப்பவர் எவரும் காலையில் எழுந்ததும் அலைகளை எண்ணிப் பார்ப்பதில்லை.)

மூன்றாம் தொடக்கம்: "எடைக்கருவி கட்டிலடியில் கிடந்தது." இது நிற்கட்டும்.

3

எடைக்கருவி கட்டிலடியில் கிடந்தது. அது ஒரு கறுப்புக் கண்ணாடிப் பலகை. ஏறி நின்றால் எண் ஒளிரும். ஜெயலட்சுமி அதைச் சேலைகளுக்கிடையே பொதிந்து, சென்னையிலிருந்து கப்பலில் கொண்டுவந்திருந்தார். இதயம் நலிந்து, கால்கள் வீங்கி, சிகிச்சைக்காகச் சென்றவர் அங்கே மகன் அருண்பிரசாத்தின் வீட்டில் தங்கியிருந்தார். கணவர் உதயசூரியன் உடன் செல்லவில்லை. தம் விருப்பத்தை மீறி நிதாவை மகன் மணந்த நாள்முதல் அவன் வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை. தம் வாசலை அவன் மிதிக்க விட்டதுமில்லை.

நாள்தோறும் காலையில் எடை பார்க்க வேண்டும். அது தொடர்ந்து ஏறினால் அது சதையன்று, உடலில் தேங்கும் நீர். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று சென்னை மருத்துவர் தாயிடமும் மகனிடமும் சொன்னார். கேட்டிருக்க வேண்டிய மூன்றாமவர் கடலுக்கு இப்பால் இருந்தார். [இவ்வாக்கியத்தை எழுதுபவள் அடித்தாள். மீண்டும் அதுவே வந்து நின்றது.]

மகன் இக்கருவியை வாங்கினான். தாய் ஏறி நின்றால் எடை வீட்டு வைஃபை வழியே அவன் கைபேசிக்குச் சென்றுவிடும். வாங்கியவுடன் தன் வீட்டு வைஃபையில் அதை இணைத்து, தாயை நிறுத்தி, எண் வருவதைக் கண்ட பின்னரே கட்டிக் கொடுத்தான். மெயின்லேண்ட் எனும் பெருநிலத்தில் வாங்கும் எதையும் அங்கேயே பிரித்து, ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டுமே கப்பலேற்ற வேண்டும். பழுதென்றால் திருப்பியனுப்புவது பெரும்பாடு. துறைமுகத்தில் சரக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற உதயசூரியன் மகனுக்குச் சிறுவயதில் கற்பித்த விதி அது. மகன் மறக்கவில்லை.

4

இங்கே கருவி இணையவில்லை. மின்கலங்களை மாற்றினர். ரவுட்டரைக் கட்டிலருகே நகர்த்தினர். அணைத்துப் போட்டனர். இறுதியில் ரியாஸ் வரவழைக்கப்பட்டார். தரையில் சம்மணமிட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"அங்கிள், இதுல கோளாறே இல்ல. அருண் அண்ணன் அங்க செட் பண்ணுன வைஃபையத்தான் இன்னும் தேடிட்டிருக்கு. சென்னை வீட்ட ஹட் பேல தேடுனா எங்கேர்ந்து கிடைக்கும்?"

"ரீசெட் பண்ணு."

"மொதல்ல பதிஞ்ச போன் பக்கத்துல இருந்தாத்தான் விடும். அது அண்ணன்கிட்ட இருக்கு. ஒண்ணு, அண்ணன் போனோட இங்க வரணும்."

"அது நடக்காது. இன்னொண்ணச் சொல்லு."

"இல்லன்னா அந்த வைஃபை பேரையே நம்ம வைஃபைக்கு வெச்சிரலாம். பாஸ்வேர்டும் அதேதான். மெஷின் அதான் வீடுன்னு நெனச்சுக்கும். தோ மினிட் கா காம், ரெண்டே நிமிஷ வேலை."

"என்ன பேரு?"

ரியாஸ் ஜெயலட்சுமியைப் பார்த்தார். ஜெயலட்சுமி சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "நிதா."

உதயசூரியன் சன்னல் வழியே தெருவைப் பார்த்தார்.

"தெருவுல எவன் போனத் தொறந்தாலும் என் வீட்டுலேர்ந்து அந்தப் பேரு தெரியும். அப்படித்தானே?"

"பேருதானே அங்கிள். ராஷன் கார்டுலயா ஏத்தச் சொல்றேன்?"

"சோடோ, விட்டுரு. ஒண்ணும் வேணாம்."

"ஏங்க, அந்த மெஷினுக்கே தெரியுது எது நம்ம வீடுன்னு" என்றார் ஜெயலட்சுமி.

"அப்ப மெஷினத் தூக்கிட்டு அங்கேயே போய் இரு!"

[இவ்வாக்கியத்தை நீக்கிவிடலாமா என்று எழுதுபவள் ரியாஸிடம் கேட்டாள். "அங்கிளே நீக்க முடியல, நீங்க எப்படிக்கா நீக்குவீங்க?" என்றார்.]

5

இனி ஓர் ஐயம். எழுதுபவளுக்கு ஜெயலட்சுமி பிடிபடவில்லை.

இணைப்பு இல்லாவிடினும் எண் ஒளிரத்தான் செய்தது. அவர் காலைதோறும் ஏறி நின்றார். எடை கூடிவருவதைக் கண்டார். அதன் பொருள் அவருக்குத் தெரியும். மகன் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், "அப்படியேதான் இருக்குடா" என்றார். ஏன்?

மழைக்காலத்துக் கடலில், குமட்டலோடு போர்ட் பிளேயர் வரை கப்பலில் செல்ல அஞ்சியிருக்கலாம். ஆனால் கேபிள் சரிசெய்யச் சென்ற ஒருநாள் ரியாஸின் காதில் வேறொன்று விழுந்தது. ஜெயலட்சுமி தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் எதுக்குடா வாயால சொல்லணும்? உங்கப்பா அந்தப் பேர வைக்கட்டும். அப்புறம் நீயே பாத்துக்க."

பந்தயமா, நம்பிக்கையா? எழுதுபவளால் தீர்மானிக்க இயலவில்லை.

உதயசூரியனோ, மனைவியின் பின்னால் கண்ணாடியணிந்து நின்று எண்ணை உரக்கப் படிப்பார். "ஏறிருக்கே ஜெயா! பாத்தியா, நம்ம வீட்டுச் சாப்பாடு ஒட்டுது. மெயின்லேண்ட் போய்த்தான் உருகிட்ட." ஜெயலட்சுமி மறுத்துப் பேசுவதில்லை. அன்று சந்தையிலிருந்து உதயசூரியன் இன்னும் கொஞ்சம் பெரிய மீனாக வாங்கிவருவார்.

6

சென்ற மாதம் ஒரு காலையில் ஜெயலட்சுமியால் படுக்கவும் முடியவில்லை, மூச்சுவிடவும் முடியவில்லை. காற்று மிகுதியால் அன்று கப்பல் இல்லை. மறுநாள் ஹெலிகாப்டரில் போர்ட் பிளேயருக்குக் கொண்டுசென்றனர்.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் இந்தியில் கேட்டார்: எடை ஏறியதா?

"படா தா, சாப்" என்றார் உதயசூரியன். "பஹுத் அச்சா படா தா."

[ஏறியது ஐயா, மிக நன்றாக ஏறியது என்பது பொருள். எழுதுபவள் இந்தியைப் பள்ளியிலேயே கற்றவள். இவ்வாக்கியத்தைக் கேட்ட பிறகு, கல்லாதிருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.]

அவர் அதைப் பெருமையோடுதான் சொன்னார். ஏறியது அத்தனையும் நீர் என்று மருத்துவர் விளக்கினார்.

மகன் விமானத்தில் வந்தான். போர்ட் பிளேயரிலேயே தாயின் தகனம் நடந்தது. தந்தையும் மகனும் சிதையின் இரு பக்கங்களில் நின்றனர். அவன் அங்கிருந்தே சென்னைக்குத் திரும்பினான். இவர் தனியாக ஹட் பேக்குக் கப்பலேறினார்.

7

முடிவு ஒன்று: உதயசூரியன் கருவியைக் கடலில் எறிகிறார். (கைவிடப்பட்டது. மனைவியின் கால்கள் பட்ட பொருளை அவர் எறிய மாட்டார்.)

முடிவு இரண்டு: மகன் கைபேசியோடு வாசலில் வந்து நிற்கிறான். (கைவிடப்பட்டது. அவன் வரவில்லை.)

முடிவு மூன்று: ரியாஸ் தரையில் அமர்ந்திருக்கும் அந்த முதல் நாளிலேயே உதயசூரியன், "சரி, வெச்சிரு" என்கிறார். உண்மையில் இதை எழுதவே எழுதுபவள் பேனாவை எடுத்தாள். "ரியாஸ் பெயரை மாற்றினார். ஜெயலட்சுமி கட்டிலிலிருந்து எழுந்து, சேலையைச் சற்றே உயர்த்திப் பிடித்து, கருவியின்மீது ஏறி —"

அதற்குமேல் எழுத வரவில்லை.

8

எனவே, இன்று நடந்தது மட்டும்.

பிற்பகல் மழையில் உதயசூரியன் ரியாஸை அழைத்தார். ரியாஸ் சென்றபோது கருவி துடைக்கப்பட்டுக் கூடத்தின் நடுவில் இருந்தது.

"அந்தப் பேரப் போடு."

"எந்தப் பேரு அங்கிள்?"

"தெரியாத மாதிரி கேக்காத." சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "நிதா. போடு."

கடவுச்சொல் ரியாஸிடம் இருந்தது. ஜெயலட்சுமி முன்பே சொல்லிவைத்திருந்தார். சென்னையிலுள்ள அந்த வீட்டின் கடவுச்சொல் 'ஹட் பே'. [எழுதுபவள் முதலில் அவ்விடத்தில் உதயசூரியனின் பெயரை வைத்தாள். மிகை. உள்ளதே நிற்கட்டும்.]

"ஏறி நில்லுங்க அங்கிள். ஆள் ஏறுனாத்தான் முழிக்கும்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். எண் ஒளிர்ந்தது. பின்னர் மூலையில் இதுவரை எரியாத சிறு விளக்கொன்று எரிந்தது.

"ஆயிருச்சு அங்கிள்" என்றவர் கருவியின் திரையைப் பார்த்துத் தயங்கினார். "பழசெல்லாம் போகுது."

"எது பழசு?"

"நெட் இல்லாதப்ப மெஷின் சேத்து வெச்சிருந்தது. ஆன்ட்டி நின்னது எல்லாம்."

ஒவ்வொரு காலையும் ஜெயலட்சுமி சொல்லாமல் விட்ட எடை, ஏறிய வரிசையிலேயே சென்னைக்குச் சென்றுகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் உதயசூரியனுடையது. அவர் இறங்கவில்லை. இறங்கினால் அனைத்தும் நின்றுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

மேசையின்மேல் கைபேசி ஒலித்தது. அருண்பிரசாத்.

ரியாஸ் குடையைக்கூட எடுக்காமல் வெளியேறிவிட்டார். உதயசூரியன் அழைப்பை எடுத்தாரா என்று எழுதுபவள் கேட்டாள். "தெரியாதுக்கா. சத்தம் நின்னது மட்டும் வாசல்ல கேட்டுச்சு."

அவ்வீடு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. சென்று கேட்கலாம். எழுதுபவள் செல்லப்போவதில்லை. ஒருமுறை காலம் தாழ்த்தியவரை இன்னொரு முறையும் அவ்வாறே எழுதிவிடுவாளோ என்ற அச்சம் அவளுக்கு. வாசகரே, கைபேசி உங்கள் கைக்கெட்டும் தொலைவில் ஒலிக்கிறது. எடுத்தாலும் ஒலி நிற்கும், எடுக்காவிடினும் நிற்கும்.

அது நின்றபோது மாலை மணி 4.17.