பச்சியப்பனின் கட்டைவிரலும் ஒரு சிம்பொனியும்

இண்டூரில் காதுகுத்து. ஊசி இறங்கும் நொடியில் குழந்தையின் அலறல் பந்தலுக்குக் கேட்காதபடி பாட்டைத் தூக்கி வைப்பது ரேடியோ செட்காரன் பொறுப்பு. மாதேஸ்வரன் அதைக் குறையில்லாமல்தான் செய்தான். பென்டிரைவ்தான் மாறிப்போயிற்று. குழாய் ஸ்பீக்கர் நான்கிலும் நூறு பேர் வாசிக்கும் சிம்பொனி. எடுத்த எடுப்பிலேயே இடி மாதிரி முரசு. ஆசாரியின் கை துள்ளியது. ஊசி, குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்மாமன் பச்சியப்பனின் கட்டைவிரலில் ஏறிற்று. குழந்தை சிரித்தது. அலறியது மாமன்தான், அதையும் சிம்பொனி நன்றாகவே மறைத்தது.

விசேஷப் பாட்டுக்கு ஒன்று, அவன் தனக்கென்று கேட்கும் சிம்பொனிக்கு ஒன்று; இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்புப் பென்டிரைவ். மாறிவிடக் கூடாதென்று ஒன்றில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தான். எதில் கட்டினோம் என்பதுதான் மறந்துவிட்டது.

வேறு எவர் விரலாக இருந்தாலும் ஒரு டீயில் தீர்ந்திருக்கும். பச்சியப்பனோ மாரியம்மன் பண்டிகைக் கமிட்டித் தலைவர். பதினாறு வருஷமாக அந்த எட்டு நாளும் மாதேஸ்வரன் செட்டுதான். மறுநாள் காலை கோயிலுக்கு வரச்சொல்லி ஆள் விட்டார். வயர் சுற்றுவதிலிருந்து எல்லாவற்றிலும் கூட நிற்கும் மனைவி எழிலரசியும் வேனில் ஏறிக்கொண்டாள்.

எழிலரசியோடு அவனுக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. அதே சிம்பொனி அவனிடம் இரண்டு ரெக்கார்டிங்காக இருந்தது. ஒன்று பழசு, ஜனத்தை உட்கார வைத்துக்கொண்டே பதிந்தது. மற்றது புதுசு, புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம் மாதிரி. அவனுக்குப் புதுசின் மேல்தான் பித்து. ‘எது நல்லாருக்கு?’ என்று கல்யாணமான நாளிலிருந்து அவளைக் கேட்கிறான். ‘சோறு ஆறுது’, ‘மோட்டார் போடணும்’, ‘ம்’ என்பவைதாம் இதுவரை கிடைத்த விமர்சனங்கள்.

பச்சியப்பன் கட்டுப்போட்ட விரலை வேல் மாதிரி நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

“ஏம்பா மாதேசு, அது பாட்டா, பஸ்ஸு கவுந்த சத்தமா?”

“விரலுக்கு மன்னிச்சுக்குங்கண்ணா. தப்பு என்னுதுதான்.”

“பத்தாது. அந்த பென்டிரைவ இந்தக் கல்லு மேல வச்சு நீயே ஒடைக்கற. இல்லன்னா பண்டிகைக்கு வேற செட்டு.”

மாதேஸ்வரன் பென்டிரைவை எடுத்தான். கல்லைப் பார்த்தான். வீரம் அவனுக்குப் பழக்கமில்லாத சரக்கு. நாய் குரைத்தாலே ரோட்டின் அந்தப் பக்கம் போகிறவன். இருந்தும் வாய் முந்திக்கொண்டது.

“ஒடைக்க மாட்டேங்கண்ணா. விரலக் கெடுத்தது நானு. இது என்ன பண்ணுச்சு? நூறு பேரு மூச்சப் புடிச்சு வாசிச்சது. வேற செட்டே கட்டிக்குங்க.”

“அட, எவனுக்குடா இது புரியும்? ஒம் பொண்டாட்டிக்கே புரியாது!”

அதுதான் சுட்டது. வேனுக்குப் போய், கயிற்றை இரண்டு தடவை சரிபார்த்துச் செருகி, புதுசைப் போட்டு, சத்தத்தை முழுசாகத் திருப்பினான். முரசு கோபுரத்துப் புறாக்களைக் கிளப்பியது. எழிலரசி பக்கம் திரும்பினான்.

“நீயே சொல்லும்மா. இது நல்லாருக்கா, இல்லையா?”

‘ம்’முக்குத் தயாராகத்தான் இருந்தான். அவள் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள்.

“இத நிறுத்துங்க.”

பச்சியப்பனின் மீசை சிரித்தது.

“பழசப் போடுங்க,” என்றாள் எழிலரசி, பச்சியப்பனைப் பார்த்தபடியே. “ரெண்டாவது பாகத்துல, வயலினெல்லாம் அடங்கறப்ப, கூட்டத்துல ஒரு ஆளு இருமுவாரே, அது. புதுசு வெறும் பளபளப்புங்க. பழசுதான் நல்லாருக்கு.”