சார்ஜென்ட் நிமோவின் பெட்டி வடக்கே நடந்தது

சார்ஜென்ட் குவாகு நிமோவின் சவப்பெட்டி அசாமாங்கிலிருந்து கிளம்பி, குமாசியைக் கடந்து, யேஜியில் படகேறி, வோல்டா ஆற்றுக்கு அப்பால் போய்த் தன் பதக்கத்தைக் கண்டுபிடித்தது. அது பஞ்சம் தீர்ந்த மறு வருஷம். கென்கி என்ற சோளக் களி உருண்டை பழைய அளவுக்குப் பெருத்துவிட்டது, மண்ணெண்ணெய் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ஊரில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் பெட்டியோடு முழு வழியும் நடந்தவள் அஃப்ரியே என்பதால் அவள் சொல்வதை வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

அஃப்ரியே நிமோவின் அக்காள் மகள். லாரி நிலையத்தில் ஃபுஃபூ என்ற கிழங்குக் களியும் கறிச் சூப்பும் விற்கும் கடை நடத்தினாள். சூப்பில் கறி சின்னதாக இருக்கிறது என்று எவனாவது முனகினால், "பெரிசா வேணும்னா காட்டுக்குப் போய் யானையைக் கூட்டிட்டு வா, நறுக்கித் தரேன்" என்பாள். அசாமாங்கில் ஒரு ஆண்பிள்ளை செத்தால் அவன் நிலமும் தட்டுமுட்டும் சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான் போகும். பெற்ற மகன் அழுதுவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகவேண்டியதுதான். ஆகவே நிமோ இறந்து, அவருடைய தகரப்பெட்டியைத் திறந்து, பதக்கத்தின் உறை மட்டும் காலியாகக் கிடந்ததைப் பார்த்தபோது, குடும்பத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் அவருடைய மகன் ஆம்ப்ரோஸைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்காதவன் ஒன்றையாவது எடுத்திருப்பான் என்பது அவர்கள் கணக்கு. அஃப்ரியே பார்த்ததோடு நிற்கவில்லை, திருடன் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். ஆம்ப்ரோஸ் அன்றைக்கே குமாசிக்குப் பஸ் ஏறிவிட்டான்.

பதக்கம் லேசுப்பட்டது இல்லை. உலகப் போரின்போது பர்மாக் காட்டில், கலடான் ஆற்றங்கரை மேடு ஒன்றை, தொடையில் குண்டு பாயும்வரை இரவு முழுக்கத் தனி ஆளாகப் பிடித்து வைத்திருந்ததற்காக நிமோவுக்குக் கிடைத்தது. வெள்ளைக்கார ராஜா தலை போட்ட அசல் வெள்ளி. ஆனால் அவர் அதை அணிந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. எங்கே என்று கேட்டால், "அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. நீ சூப்பை ஊத்து" என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் வெறும் மார்போடு முன்னோர்களிடம் போய் நிற்பதா? சம்பாதித்ததை அவர் மார்பில் வைக்காமல் ஒரு பிடி மண் போட விடமாட்டேன் என்று அஃப்ரியே குடும்பத்தின் முன் சத்தியம் செய்தாள். பெரியவர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். மாதங்கள் போயின. மின்சாரம் வந்து வந்து போன பிணவறையில் நிமோ கெடவே இல்லை, அவர்மேல் ஈர மூங்கில் வாசனைதான் அடித்தது. கடைசியில் பொறுமை தீர்ந்து, அவள் சத்தியம் அவளோடு என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கச் சொன்னார்கள்.

தூக்கியவர்கள் இடுகாட்டுப் பக்கம் ஓர் அடி வைத்தார்கள். பெட்டி மறுபக்கம் திரும்பியது. மனக்குறையோடு செத்தவரின் பெட்டி, சுமப்பவர்களை இழுத்துக்கொண்டு போய்க் குற்றவாளியின் வீட்டை இடிப்பது பழைய வழக்கம். அரசாங்கம் அதை என்றைக்கோ தடை செய்துவிட்டது, ஆனால் பெட்டியிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அது நேரே குமாசி சாலையைப் பிடித்தது. அஃப்ரியே அகப்பையைக்கூடக் கீழே வைக்காமல் பின்னால் ஓடினாள்.

குமாசியில் பெட்டி ஆம்ப்ரோஸின் வாசலில் போய் நின்றதும் தெருவே கூடிவிட்டது. "இடி மாமா, நல்லா இடி! கதவு பேர்த்துக்கிட்டு வரட்டும்!" என்று அஃப்ரியே கத்தினாள். ஆம்ப்ரோஸ் ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்த முகத்தோடு வெளியே வந்தான். பெட்டி முன்பக்கம் தாழ்ந்து, தூங்கும் குழந்தையைக் குனிந்து பார்ப்பதுபோல அவனருகில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு நிமிர்ந்து வடக்கே நடந்தது.

"எங்க அப்பாவை எங்க கூட்டிட்டுப் போற?"

"நான் எங்க கூட்டிட்டுப் போறேன்? அவருதான் எங்களை இழுத்துட்டுப் போறாரு, அத்தான்" என்றாள் அஃப்ரியே. அத்தான் என்ற சொல் எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆம்ப்ரோஸ் சவரத்தை முடிக்காமல் செருப்போடு பின்னால் வந்தான்.

எஜுராவில் ராணுவத் தடுப்பு. தங்கம் கடத்துகிறார்களா என்று பெட்டியைத் திறக்கச் சொன்ன கார்ப்பரல், அது சுமப்பவர்கள் கையிலிருந்து நழுவிக் கால்மாட்டை ஊன்றி விறைப்பாக நின்றதும் சல்யூட் அடித்தான். சாலை வளைவில் பெட்டி மறையும்வரை அவனால் கையை இறக்க முடியவில்லை. அட்டபுபுவில் பெட்டியின் அடியிலிருந்து பர்மாக் காட்டு அட்டைப்பூச்சிகள் உதிர்ந்தன. அந்த வறண்ட ஊரில் யாரும் அட்டையைக் கண்டதில்லை, கோழிகள் தின்றன. யேஜி படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவன், "பிணத்துக்கு டிக்கெட் கிடையாது. ஆனா நடந்து வர்ற பிணத்துக்கு உண்டும்மா" என்று அடம்பிடித்தான். அஃப்ரியே அகப்பையை ஓங்கியதும் இல்லை என்று ஒப்புக்கொண்டான்.

சலாகாவுக்கு அப்பால் ஒரு சிற்றூரில், வட்டமான மண்வீட்டுச் சுவரைப் பெட்டி மெதுவாகத் தட்டியது. கையில் ஷியாக் கொட்டையில் எடுத்த வெண்ணெயோடு மேமுனா என்ற கிழவி வெளியே வந்தாள்.

"சார்ஜென்ட் வந்துட்டாரா? வாங்க. முதல்ல தண்ணி குடிங்க."

தண்ணீர் குடித்த பிறகு சொன்னாள். அவளுடைய அப்பா ஜகரி பர்மாவில் படைக்கு அரிசியும் குண்டும் தலையில் சுமந்தவர். விடியற்காலையில் அடிபட்டுக் கிடந்த நிமோவைக் கண்டதும் அரிசி மூட்டையை எறிந்துவிட்டு, ஆளைத் தலையில் தூக்கி வைத்து ஆற்றைக் கடந்தார். எறிந்த மூட்டைக்காகத் திரும்பிப் போனார், வரவில்லை. அவர் பெயரை எவரும் எந்தப் பதக்கத்துக்கும் சொல்லவில்லை. சண்டை முடிந்ததும் நிமோ நொண்டிக்கொண்டே இந்த வீட்டைத் தேடி வந்து பதக்கத்தைக் கொடுத்தார். "உங்க அப்பன் சாமான், நீங்க வச்சுக்கணும். எங்க ஆளுங்க கேட்டு வருவாங்க, பொல்லாதவங்க, கொடுத்துடாதீங்கன்னாரு" என்றாள் மேமுனா.

பதக்கம் அவள் பேத்தியின் கழுத்தில் தொங்கியது. அந்த வீட்டில் பிறந்த குழந்தைகள் எல்லாம் பல் முளைக்கும்போது அதைத்தான் கடித்தன. ராஜாவின் மூக்கும் காதும் தேய்ந்து, வெள்ளி வழவழவென்று இருந்தது.

அஃப்ரியே அந்தத் தேய்ந்த வெள்ளியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தான், உன்னைத் திருடன்னு சொன்ன வாய் இது. ஓங்கி ஒரு அடி அடிச்சிரு."

"உன் வாயை அடிச்சா என் கைதான் புண்ணாகும்" என்றான் ஆம்ப்ரோஸ். அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

ஊர் திரும்பப் பெட்டியைத் தூக்கப் பார்த்தார்கள். அசையவில்லை. "அவருக்குப் பதக்கம் வேணும் போல. எடுத்துக்கோங்கம்மா, சத்தியம் பண்ணியிருக்கீங்க" என்று மேமுனா பேத்தியின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கப் போனாள். பெட்டி ஒரு சாண் மண்ணில் புதைந்தது. "விடு, விடு! கட்டு அதை!" என்று அஃப்ரியே பதறிக் குழந்தையின் கயிற்றைத் தானே இறுக்கி முடிந்தாள். "சத்தியம் பொய்யானா போகட்டும். ஊர் என்னைக் காறித் துப்பட்டும். மாமா கொடுத்ததை வாங்க நான் யாரு?"

அப்போது மேமுனாவின் மகன் ஃபுசேனி சேனைக்கிழங்குத் தோட்டத்திலிருந்து வந்தான். கூட்டத்தைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். யாரையும் எதுவும் கேட்காமல் மேல்துண்டைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்து மண்டியிட்டான். பெட்டி மண்ணிலிருந்து எழும்பி அவன் தலைமேல் போய் உட்கார்ந்தது. "கனமே இல்லம்மா, வாழைக்காய்க் கூடை மாதிரிதான் இருக்கு" என்று சொல்லித் தெற்கே நடக்கத் தொடங்கினான். ஆற்றைக் கடக்கும்போதும் அவன் அதை இறக்கி வைக்கவில்லை.

அசாமாங்கில் பெரியவர்கள் குழியருகே காத்திருந்தார்கள். பதக்கம் எங்கே என்று கேட்டார்கள். அஃப்ரியே மூடியைத் திறக்கச் சொல்லி, ஃபுசேனியின் வியர்வையில் நனைந்திருந்த சும்மாட்டை வாங்கி மாமனின் மார்பில் வைத்தாள். பெட்டி தானாக, பதவிசாகக் குழிக்குள் இறங்கியது. முதல் பிடி மண்ணை அவளே போட்டாள்.

அதன்பிறகு அறுவடை முடிந்ததும் ஃபுசேனி வருஷா வருஷம் வந்து போனான். அவன் வரும் நாளில் அஃப்ரியே கடையில் கறித் துண்டு பெரிதாக இருக்கும். சார்ஜென்ட் பதக்கம் கடைசியில் கிடைத்ததா என்று வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால், அவள் பானையிலிருந்து தலை நிமிராமலே சொல்வாள்:

"அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. உனக்குச் சூப்பு வேணுமா, வேண்டாமா?"