நாலாவது கப்

மே மாதம் பிறந்துவிட்டால் பாண்டிச்சேரிக்குக் கத்திரி வெயில் வரும், பெங்களூர்க் கார்கள் வரும், கூடவே கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு கல்லூரிப் பிள்ளைகளும் வருவார்கள். வெயிலையும் கார்களையும் லினெட் பொறுத்துக்கொள்வாள். இந்தப் பிள்ளைகளைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும். வந்த முதல் நாளே, "அக்கா, சர்டிபிகேட்டுல காலேஜ் சீல் இருக்குமா?" என்று கேட்கிற ஜென்மங்கள். எதை ஆராயப் போகிறோம் என்று கேட்டவர் இதுவரை ஒருவரும் இல்லை.

லினெட் விலங்கியல் துறையில் பிஎச்.டி. செய்கிறாள். அரியாங்குப்பத்திலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி தினமும் ஸ்கூட்டியில் வருவாள். ஆகஸ்டில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் டாக்டர் லினெட். கொடுக்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயிலை விட்டு வரும்போது, "இன்னுமா படிக்கிற?" என்று கேட்கிற வாய்களுக்கு இன்னும் எத்தனை காலம் பதில் சொல்வதோ. ஆகஸ்டை நினைத்துக்கொண்டுதான் அவள் அந்த ஆய்வகத்தைச் சகித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் ஆதிமூலம், ஊரில் முளைக்கும் ஓர் இலையையும் விட்டுவைக்க மாட்டார். காயவைத்துப் பொடியாக்கி, எத்தனாலில் ஊறவைத்து, அந்தச் சாற்றைக் கொசுப்புழு நீந்தும் கப்பில் தாராளமாக ஊற்றுவார். மறுநாள் புழு செத்திருக்கும். உடனே ஒரு கட்டுரை. வேம்பு கொன்றது, துளசி கொன்றது, ஆடாதொடை கொன்றது. அவர் கைக்கு வந்து கொல்லாத இலையே கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க, 'கன்ட்ரோல்' என்ற பெயரில், பக்கத்தில் ஒரு கப் வெறும் தண்ணீர் இருக்கும். அதில் புழுக்கள் சௌக்கியமாக நெளியும். லினெட்டின் ஆய்வேட்டில் மூன்று அத்தியாயங்கள். மூன்றும் நொச்சி இலை புழுவைக் கொன்ற கதைதான்.

இந்த வருடம் அவள் தலையில் கட்டப்பட்டவன் வெற்றிச்செல்வன். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன், பி.எஸ்சி. இரண்டாம் வருடம். வீட்டில் மற்றவர்கள் வயலில் நிற்க, இவன் கேமரா முன்னால் நிற்பான். சலவை கலையாத வெள்ளைக் கோட்டு. "ஹாய் மக்களே, ஒரு சயின்டிஸ்ட்டோட ஒரு நாள்!" என்று ஆரம்பித்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் புருவத்தைச் சுருக்குவான். அதன் விளக்கைப் போட வேண்டும் என்பதுதான் தெரியாது.

ஆனால் அவன் கொண்டுவந்து நீட்டிய முடிவு என்னவோ பிரமாதம். நொச்சிச் சாறு ஊற்றிய கப்புகளில் ஒரு புழு மிச்சமில்லை. ஆதிமூலம் அவன் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரப் பையன்மா. முதல் பரிசு இவனுக்குத்தான்."

நிறைவு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது லினெட் பிரிட்ஜைத் துடைத்தாள். அவனுக்கென்று அவள் தயாரித்த நொச்சிச் சாற்றுக் குடுவை, மூடியில் அவள் சுற்றிய டேப் கூடப் பிரியாமல் மூலையில் உட்கார்ந்திருந்தது.

"டேய், இங்க வா. இத தொறக்காமலே எப்பிடிடா ஊத்துன?"

வெற்றிச்செல்வன் குடுவையைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "அது பச்சையா இருக்குது அக்கா. கோட்டுல பட்டா கறை போவாதுன்னு சொன்னாங்க. ரீலுக்குக் கோட்டு வெள்ளையா இருந்தாத்தான்..."

"அதுக்கு?"

"அந்தப் பெரிய பாட்டில்ல இருந்த எத்தனால ஊத்திட்டேன். எப்பிடியும் சாவத்தான போவுது, சாவுதுன்னுதான எழுதப் போறோம்னு..."

லினெட்டுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "வெக்கமா இல்ல? இதுக்கு பேரு திருட்டுடா. இலையே போடாம இலை கொன்னுச்சுன்னு எழுதியிருக்கியே, அப்ப புழு எப்பிடிடா..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது. இலையே போடாமல் புழு எப்படிச் செத்தது?

அவனை அனுப்பிவிட்டு அவளே நான்கு கப்புகளை வரிசையாக வைத்தாள். முதல் கப்பில் தண்ணீர் மட்டும். இரண்டாவதில் எத்தனால் மட்டும். மூன்றாவதில் எத்தனாலில் ஊறிய நொச்சி. நாலாவதில் வெறும் தண்ணீரில் ஊறவைத்த நொச்சி. எல்லாவற்றிலும் புழுவை விட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்து பார்த்தாள். இரண்டாவதும் மூன்றாவதும் சுடுகாடு. நொச்சி மட்டும் இருந்த நாலாவது கப்பில் புழுக்கள் குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தன.

எத்தனால் என்ற கௌரவப் பெயரைக் கழற்றிவிட்டால் அது சாராயம். சாராயத்தில் போட்டால் புழு சாகும் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. இந்த ஊரில் எந்தக் கடை வாசலில் கேட்டிருந்தாலும் சும்மாவே சொல்லியிருப்பார்கள். அவமானத்தில் அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது. கட்டுரைகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஆதிமூலத்தின் அறைக்கு அப்படியே போனாள்.

அவர் முழுவதையும் கேட்டார். முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. இது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"பையன் தப்பு பண்ணியிருக்கான், அவனத் திட்டு. அதுக்கு ஏம்மா என்கிட்ட வர?"

"சார், நொச்சி ஒண்ணுமே பண்ணல. நம்ப எல்லா பேப்பருமே..."

"நம்ப லேப்ல தண்ணிதான் கன்ட்ரோல். இருபது வருஷமா அதான். ஆகஸ்ட்ல தீசிஸ் குடுக்கணுமா, வேணாமா? நாளைக்கு ஃபங்ஷன்ல அந்த மீன் கேள்விய மட்டும் ஒழுங்கா கேளு."

விழாவில் யார் எந்தக் கேள்வி கேட்பது என்பதையும் அந்தத் துறையில் முன்கூட்டியே பங்கு பிரித்துவிடுவார்கள். பதில் தயாராக இருக்கும் கேள்வி மட்டும்தான் சபைக்கு வரும். லினெட்டின் பங்கு: இந்தச் சாறு மீன்களைப் பாதிக்குமா? வெற்றிச்செல்வனின் பதில்: பாதிக்காது. மீனை அவன் குழம்பில் பார்த்ததோடு சரி.

விழா நாளில் வாசலில் பேனர், மேடையில் பொன்னாடை, வரவேற்புரையிலேயே கண்ணயர்ந்துவிட்ட சிறப்பு விருந்தினர். வெற்றிச்செல்வன் பளிச்சென்ற கோட்டில் ஏறி, நொச்சியின் மகிமையைப் பேசி முடித்தான். ஆதிமூலம் லினெட்டைப் பார்த்துத் தலையசைத்தார். ஆகஸ்ட் ஒரு வரி தூரத்தில் இருந்தது. மீன் என்று சொன்னால் போதும்.

லினெட் எழுந்தாள். "இலையே இல்லாம, வெறும் எத்தனால மட்டும் ஊத்துனா புழு என்ன ஆவும்?"

வெற்றிச்செல்வன் மனப்பாடம் செய்ததில் இந்தக் கேள்வி இல்லை. "செத்துடும் அக்கா," என்றான். "நான் அதத்தான் ஊத்தினேன்."

ஒரு நொடி சபை விழித்தது. ஆதிமூலம் சிரித்துக்கொண்டே மைக்கைப் பிடுங்கினார். "முதல் மேடை, புள்ள பதட்டத்துல உளர்றான். ஒரு கைதட்டு குடுங்க!" கொடுத்தார்கள். சத்தத்தில் விழித்துக்கொண்ட சிறப்பு விருந்தினரும் கொடுத்தார். முதல் பரிசும் அவனுக்கே கிடைத்தது. பிறகு எல்லோரும் சமோசாவுக்குப் போனார்கள்.

லினெட்டைத் தாண்டிப் போகும்போது ஆதிமூலம் குரலைத் தாழ்த்தினார். "ஆகஸ்ட மறந்துடும்மா. என் கையெழுத்து இல்லாம எப்பிடிக் குடுக்குறன்னு பாக்குறேன்."

சர்டிபிகேட்டும் கையுமாக வெற்றிச்செல்வன் வந்து நின்றான். "என்னைப் போட்டுக் குடுத்துட்டீங்களே அக்கா."

"என்னையும் சேத்துத்தான்டா போட்டுக் குடுத்துக்கிட்டேன். நாளைக்கு வா. இலைய வெறும் தண்ணில ஊற வெச்சு எல்லாத்தையும் திரும்பப் பண்ணலாம்."

"புரோகிராம் முடிஞ்சிடுச்சே," என்றான் அவன், அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்கிற பார்வையோடு.

"அதான் சொல்றேன். சர்டிபிகேட் வாங்கியாச்சு. இனிமேவாச்சும் வேலையச் செய்."

அவன் வரவில்லை. அவன் போட்ட ரீல்தான் வந்தது: கோட்டு, பரிசுக் கோப்பை, 'இளம் விஞ்ஞானி' என்று எழுத்து. விழா முடிந்த கையோடு ஆய்வகத்தில் எடுத்தது. ஆயிரக்கணக்கில் இதயங்கள், ஆதிமூலம் சாரின் கும்பிட்ட கைகளும் அதில் உண்டு. லினெட் படத்தைப் பெரிதாக்கினாள். அவன் தோளுக்குப் பின்னால், மேசை மேல், அவளுடைய நான்கு கப்புகள் தெளிவாகத் தெரிந்தன. நாலாவதில் புழுக்கள் உயிரோடு ஆடிக்கொண்டிருந்தன. இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்.

'நாலாவது கப்பைப் பாருங்கள்' என்று அவள் கீழே எழுதினாள். சற்று நேரத்தில் அந்த வரியை அவன் அழித்துவிட்டான்.

லினெட் கம்ப்யூட்டரைத் திறந்து தன் மூன்று அத்தியாயங்களையும் அழித்தாள். பிறகு கப்புகளைக் கழுவப் போனாள்.