முன்னறையில் டாக்டர்

பின்னறையில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். அங்கிருந்து எழுந்து வாசலுக்கு வந்த மகளுக்கு, நிற்பவர்களில் யார் துக்கத்துக்கு வந்தவர், யார் வைத்தியத்துக்கு வந்தவர் என்றே பிடிபடவில்லை. ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகுதான் தெரிந்தது, அவர் சர்க்கரை மாத்திரைக்கு வந்தவர்.

இன்று டாக்டர் வரும் நாள். முன்பெல்லாம் ஒரு காய்ச்சலுக்குக்கூட இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். தெருவே அலையாய் அலைந்து, வாரம் ஒருநாள் டாக்டர் வர ஏற்பாடு செய்தபோது, இடம் கேட்டால் எல்லாரும் கையை விரித்தார்கள். அம்மாதான் தையல் மெஷினைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டு முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். வந்தவர்களை வரிசையாக உட்கார வைப்பதும், முந்துகிறவர்களை அதட்டுவதும் அவள்தான். தெருவில் அவளுக்கு 'அரை டாக்டர்' என்று பெயர்.

அப்பேர்ப்பட்டவள் நேற்று மத்தியானம் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். நெஞ்சை அடைக்கிறது என்று மகளிடம் மட்டும் கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "டாக்டர்கிட்ட காட்டேம்மா" என்றால், "நம்ம வீட்டுக்கு வந்தவங்ககிட்ட யாராவது சீக்கைச் சொல்லிக்கிட்டு இருப்பாங்களாடி? ஒரு வாய் காப்பி குடுப்பேனா, இதைச் சொல்வேனா?" என்பாள்.

டாக்டர் வந்தார். விஷயம் தெரிந்ததும் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"வாரா வாரம் வந்தீங்களே டாக்டர். ஒரு தடவைகூட உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள் மகள்.

"அவங்க ஒருநாளும் என் முன்னாடி உக்காந்ததே இல்லம்மா. நின்னுக்கிட்டே பேசிட்டுப் போயிடுவாங்க."

மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. டாக்டர் மேலா, அம்மா மேலா, தன் மேலேயேவா?

"நான் அடுத்த வாரம் வரேன்" என்று டாக்டர் திரும்பினார். வரிசையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் இருந்தவளின் மடியில் ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

"எங்க போறீங்க? உக்காருங்க டாக்டர்." மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

டாக்டர் குழந்தையின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். நெற்றியைச் சுருக்கினார். இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். பின்னறை அழுகையில் எதுவும் காதில் விழவில்லை போலிருக்கிறது.

மகள் உள்ளே போனாள். அம்மாவைச் சுற்றியிருந்த பெண்களிடம், "கொஞ்ச நேரம் அழாதீங்க. டாக்டர் நெஞ்சு பாக்கிறாங்க" என்றாள்.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குழந்தை மூச்சு விடுவது அம்மா கிடந்த இடம் வரைக்கும் கேட்டது.