ஐனூராவின் நட்சத்திரம்

யாழ்ப்பாணத்துக் கோசலா பனியைக் கண்டது குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும்தான். அப்பேர்ப்பட்டவள் தலையில், கிர்கிஸ்தான் மலையாறு ஒன்றில் எப்போது எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கண்டுபிடிக்கும் வேலை விழுந்தது. வளைகுடா நகரமான மனாமாவில் அவள் வேலை பார்த்த கம்பெனி அங்கே ஒரு பாலம் கட்ட ஒப்பந்தம் எடுத்திருந்தது. ஆகஸ்டில் ஆற்றுக்குள் இறங்கித் தூணுக்கு அடித்தளம் போட வேண்டும். இறங்கப் போகிறவர்கள் ஃபோர்மன் வீரபாண்டியும் அவருடைய ஆட்களும்.

இணையத்தில் தேடித் தேடிக் கண் பூத்துப் போயிற்று. ஒரு தளத்தில் கணக்கு பாதியில் நின்றது; இன்னொன்றில் இருந்தது வேறு ஆறு. கடைசியில் அந்த ஊர் நீரளவு நிலையத்துக்கே எழுதி, தினசரிச் சராசரி கிடைக்குமா என்று கேட்டாள். ஐனூரா என்ற அலுவலர் அனுப்பி வைத்தாள். சராசரிப்படி தண்ணீர் இடுப்புக்குக் கீழேதான். கோசலாவுக்கு நிம்மதி.

வேலை நேரத்தையும் அவளே போட்டாள். வளைகுடாவில் கோடை என்றால் உச்சி வெயிலில் வெளியே வேலை கூடாது. சட்டம் என்பதைத் தாண்டி அது எல்லாருக்கும் ரத்தத்தில் ஊறிய பழக்கமாகிவிட்டது. ஆகவே காலையில் கொஞ்சம், மத்தியானம் ஓய்வு, வெயில் தாழ்ந்ததும் இருட்டும்வரை ஆற்றுக்குள் வேலை. மேனேஜர் மீராசாவும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஐனூராவின் மின்னஞ்சலில் இன்னொரு கோப்பும் இருந்தது: மணிக்கு மணி நீரளவு. கேட்டதுதான் வந்தாயிற்றே என்று கோசலா அதைத் திறக்கவே இல்லை. ஆட்கள் விமானம் ஏற இருந்த வாரத்தில், மனாமாவின் குதைபியா பகுதியில் இருந்த தன் அறையில் நன்றி எழுத உட்கார்ந்தாள். அனுப்பியதைப் பார்க்காமல் நன்றி சொல்வதாவது என்று மனசு குத்தவே, திறந்தாள். மழை ஒரு சொட்டு இல்லாத நாளிலும், பகல் வெயிலில் உருகிய பனி சாயங்காலம் வந்து சேர்ந்து ஆளை இழுக்கும் வெள்ளமாகியிருந்தது. விடிந்தால் மறுபடி முழங்கால் தண்ணீர். பாழாய்ப்போன சராசரி இரண்டையும் கலந்து மூடிவிட்டது.

அப்போதே நேரத்தை மாற்றினாள். விடியலில் இறங்க வேண்டும், மத்தியானத்தோடு கலாஸ், வேலை முடிந்தது. மீராசா இதற்கும் தலையாட்டினார்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் வீரபாண்டி வீடியோவில் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் ஆறு கலங்கலாக இரைந்து ஓடியது. காலையில் அவர்கள் நின்று வேலை செய்த இடத்தையே காணோம்.

“தங்கச்சி, இந்நேரத்துக்கு எறங்கியிருந்தா எங்க பொணம்கூட கெடைச்சிருக்காது. நீ நல்லா இருக்கணும்.”

“என்னைச் சொல்லாதேங்கோ அண்ணை. நான் கேட்டது சராசரி மட்டும்தான். மிச்சத்தை நான் கேக்காமலே அனுப்பினவ அந்த நீரளவு நிலையத்து ஐனூராதான்.”

வீரபாண்டி, தன் ஊர் மாரியம்மன் கோயிலில் அந்த அம்மா பேருக்கு அர்ச்சனை செய்யப் பெண்சாதியிடம் சொல்லப் போவதாகவும், நட்சத்திரம் மட்டும் கேட்டுச் சொல்லும்படியும் சொன்னார்.

கிர்கிஸ்காரியிடம் நட்சத்திரம் கேட்பதா என்று கோசலாவுக்குச் சிரிப்பு வந்தது. நடந்ததையெல்லாம் எழுதி, பிறந்த தேதியைக் கேட்டாள். மறுநாள் பதில் வந்தது. தேதியைப் போட்டுப் பஞ்சாங்கம் பார்த்தால், அன்று மத்தியானம்வரை கார்த்திகை, பிறகு ரோகிணி. மறுபடியும் தேதியை மட்டும் கேட்டுத் தொலைத்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மின்னஞ்சலை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினாள். ஐனூரா எழுதியிருந்தாள்: “பிறந்தது சாயங்காலம் ஐந்து மணிக்கு. தேவைப்படலாம்.”

கோசலா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீரபாண்டிக்குச் செய்தி அனுப்பினாள். ஐனூரா, ரோகிணி நட்சத்திரம்.